பழைய பந்தயக் காரின் நகலைக் கட்டத் திட்டமிடுதல்

பழைய பந்தயக் காரின் நகல் என்பது, முன்பு களத்தில் ஓடிப் பெயர்பெற்ற ஒரு பந்தயக் காரின் உருவம், அளவு, அமைப்பு ஆகியவற்றைப் பின்பற்றிப் பிற்காலத்தில் புதிதாகக் கட்டப்படும் வண்டியாகும். தானுந்து, மகிழுந்து என்ற சொற்கள் இருந்தாலும் பட்டறையில் வழங்குவது கார் என்பதே. இக்கட்டுரையும் அதையே ஆள்கிறது. மூல வண்டிகள் பல பந்தயங்களில் மோதி நொறுங்கின, அல்லது உதிரிபாகங்களுக்காகப் பிரிக்கப்பட்டன. எஞ்சியவை அருங்காட்சியகங்களிலும் பெருஞ்செல்வர்களின் கொட்டகைகளிலும் நிற்கின்றன. அத்தகைய ஒன்றை ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் சாதாரண மனிதருக்கு நகலே வழி.

சேலம், நாமக்கல் சமவெளியில் இந்த ஆசை எழுவது இயல்பு. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரங்கள் லாரித் தொழிலால் வாழ்பவை. வெறும் சேசிஸாக வந்து இறங்கும் வண்டி, கேபினும் பாடியும் பெற்று, பெயின்ட் அடித்து, பெயர் எழுதி வெளியே போகும் பட்டறைகள் இங்கு உண்டு. எரிவாயு டேங்கரும், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டியும் இந்தக் கைகளில் உருவாகின்றன. லாரியையே கட்டுகிறவர்களுக்கு ஒரு சிறிய பந்தயக் கார் எம்மாத்திரம் என்ற எண்ணம் வருவதில் வியப்பில்லை. அது பாதி உண்மை. கைத்திறன் இருக்கிறது. ஆனால் லாரி கட்டும் கை, ‘பலமாக இருக்கட்டும்’ என்று ஒரு தகட்டைக் கூடுதலாக வைத்தே பழகியது. பந்தயக் கார் கட்டுபவர் ஒவ்வொரு தகட்டையும் ‘இது இல்லாமல் முடியாதா’ என்று கேட்டாக வேண்டும். நகல் கட்டும் திட்டம் இரும்பை வெட்டும் முன்பே, தாளில், இந்த மனமாற்றத்தில் தொடங்குகிறது.

எங்கே ஓடப்போகிறது?

முதலில் கேட்க வேண்டியது எந்தக் கார் என்பதல்ல. அது எங்கே ஓடும் என்பதே. பலர் இக்கேள்வியைக் கடைசியில் கேட்டு, கட்டிய வண்டியைக் கொட்டகையில் போர்த்தி வைக்கிறார்கள்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவு பெறாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. பதிவு பெற்ற பழைய காரின் அடித்தளத்தில் வேறு உடலைக் கட்டி, அதே பதிவு எண்ணில் ஓட்டலாமே என்று சிலர் நினைப்பர். அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றி அமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்து தீர்ப்பளித்தது. புதிய வண்டியாகவே பதிவு பெற வேண்டுமானால், மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆம் விதிப்படி, அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனத்தில் முன்மாதிரி ஒப்புதல் வாங்க வேண்டும். புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. அத்தகையது; சென்னைக்கு அருகே ஓரகடத்திலும் ஒரு மையம் உள்ளது. இவை வண்டி உற்பத்தி செய்யும் நிறுவனங்களுக்கான வழிகள். ஒரே ஒரு வண்டி கட்டும் தனிமனிதரின் பைக்கும் பொறுமைக்கும் அவை எட்டா.

பழங்கால வண்டி என்ற வகையிலும் இடம் கிடைக்காது. 2021இல் வந்த விதிகள், முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகளைத் தாண்டி, மூல நிலை மாறாமல் காக்கப்பட்ட வண்டிகளுக்கே அத்தகுதியைத் தருகின்றன. பார்ப்பதற்கு எழுபது வயது போலத் தோன்றும் நகல், சட்டத்தின் கண்ணில் நேற்றுப் பிறந்த குழந்தை.

ஆகவே நேர்மையான விடை ஒன்றுதான்: இந்த வண்டி பந்தயத் தளத்தில் ஓடும்; தளத்துக்கு இன்னொரு வண்டியின் முதுகில் ஏறிப்போகும். கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் சுமார் 2.1 கி.மீ. நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தின் 3.7 கி.மீ. தளம் இருக்கிறது. நாமக்கல்லில் வண்டி ஏற்றிச் செல்ல லாரிக்குப் பஞ்சமில்லை. நள்ளிரவில் புறவழிச் சாலையில் ‘ஒரே ஒரு தடவை’ ஓட்டிப் பார்க்கும் சபலம் மட்டும் வரக் கூடாது. பதிவும் காப்பீடும் இல்லாத வண்டி எதிரே வருபவர்மேல் மோதினால், கட்டியவரின் வீடும் நிலமும் இழப்பீட்டுக்குப் போகும்.

இப்படி முடிவெடுத்துவிட்டால் ஒரு நன்மையும் உண்டு. விளக்கு, ஹாரன், வைப்பர், கதவுக் கண்ணாடி என்று பாதிச் சுமை கழன்றுவிடும்.

எந்தக் காரை நகலெடுப்பது?

படத்தில் அழகாகத் தெரியும் காருக்கும் கட்டக்கூடிய காருக்கும் தூரம் அதிகம். 1960களின் ஃபெராரி போன்றவற்றின் வளைந்த அலுமினிய உடலை, மரத்துண்டு மேல் தகட்டை வைத்துத் தட்டித் தட்டி உருவாக்கிய கைவினைஞர்கள் தம் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தவர்கள். முதல் முயற்சிக்கு ஏற்றவை, மூல வண்டியே ஒரு சிறு பட்டறையில், கிடைத்த பொருளைக்கொண்டு கட்டப்பட்ட கார்கள்தாம்.

அவற்றுள் முதலில் சொல்ல வேண்டியது கூப்பர் 500. 1946இல் இங்கிலாந்தின் சர்பிட்டன் ஊரில் பட்டறை வைத்திருந்த சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜானும், ஃபியட் டோப்போலினோ என்னும் சிறிய காரின் முன்பகுதிகள் இரண்டை எடுத்து, முதுகோடு முதுகாகச் சேர்த்து வெல்டிங் செய்தனர். நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி ஸ்பிரிங் அசைவு கிடைத்தது. ஓட்டுநருக்குப் பின்னால் ஜே.ஏ.பி. நிறுவனத்தின் 500 சி.சி. மோட்டார் சைக்கிள் எஞ்சின். அங்கிருந்து பின் அச்சுக்குச் சங்கிலி. எஞ்சினைப் பின்னால் வைத்தது பெரிய தத்துவத்தால் அன்று; சங்கிலி எளிதாகப் போய்ச் சேர வேண்டும் என்பதால்தான். ஸ்டிர்லிங் மாஸ் 1948இல் இந்த வகைக் காரில்தான் பந்தய வாழ்வைத் தொடங்கினார். அதே பட்டறையின் பின்-எஞ்சின் கார்கள் 1959, 1960 ஆண்டுகளில் ஜாக் பிரபாமுக்கு ஃபார்முலா ஒன் உலகப் பட்டத்தை வாங்கித் தந்தன. அதன் பிறகு முன்னால் எஞ்சின் வைத்த ஃபார்முலா ஒன் கார்களின் காலம் விரைவில் முடிந்தது.

தமிழ்நாட்டில் இதை நகலெடுக்க நினைப்பவருக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. சென்னைத் திருவொற்றியூரில் பிறந்த 500 சி.சி. ராயல் என்ஃபீல்டு எஞ்சினும் ஒற்றைச் சிலிண்டர்தான். அதிலும் பழைய இரும்பு எஞ்சின் புல்லட்டில் எஞ்சினும் கியர்பாக்ஸும் தனித்தனி. இடையில் ஒரு சங்கிலி. மூல கூப்பரின் ஏற்பாட்டுக்கு இது மிக நெருக்கம். ஆல்கஹால் எரிபொருளில் ஓடிய ஜே.ஏ.பி. எஞ்சினின் சக்தி இதற்கு வராது. ரிவர்ஸ் கியரும் கிடையாது. மூல வண்டியையும் கையால்தான் பின்னுக்குத் தள்ளினார்கள்.

இரண்டாவது, லோட்டஸ் செவன். காலின் சாப்மன் 1957இல் வெளியிட்ட இருவர் அமரும் திறந்த வண்டி. சக்கர இடைத்தூரம் 88 அங்குலம். எடை 500 கிலோவுக்கும் குறைவு. முழுக் காருக்கு அன்று இங்கிலாந்தில் இருந்த கொள்முதல் வரியைத் தவிர்க்க, பாகங்களாக விற்கப்பட்டு வாங்கியவரே வீட்டில் பூட்டிக்கொண்ட வண்டி இது. 1973இல் இதன் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. 1996இல் ரான் சாம்பியன் என்பவர், பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டின் உறுப்புகளையும் ஓர் அங்குலச் சதுரக் குழாயையும் கொண்டு, 250 பவுண்டில் இத்தகைய காரைக் கட்டுவது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதினார். அதைப் பார்த்துப் பல நாடுகளிலும் பலர் கட்டினர். மகாராட்டிரத்தின் அலிபாக் அருகே சிங்காரா மோட்டார்ஸ் நிறுவனமும் செவனை ஒத்த ஒரு திறந்த காரை 1.8 லிட்டர் இசுசு எஞ்சினோடு செய்து விற்றது. வளைந்த தகடு முகப்பிலும் மட்கார்டிலும் மட்டுமே இருப்பதால், பாடிப் பட்டறைக்குப் பழகிய நேர்த்தகட்டு வேலையே இதில் மிகுதி.

மூன்றாவது அண்டை ஊர்க்காரர். கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில், மாருதி 800 எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று பெயர்பெற்ற வகை அது. அதற்கு முன் சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில், வெளிநாட்டிலிருந்து ஒற்றை இருக்கைக் கார் வரவழைக்க வசதி படைத்தவர்களின் கையே ஓங்கியிருந்தது. உதிரிபாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் எஞ்சினைத் தேர்ந்ததே கரிவரதன் செய்த பெரிய காரியம். நரேன் கார்த்திகேயனும் கருண் சந்தோக்கும் தொடக்கத்தில் ஓட்டியது இந்த வகைக் கார்களையே. இருவரும் பின்னர் ஃபார்முலா ஒன் வரை சென்றனர். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையத் தளம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவர் கட்டியது எந்தக் காரின் நகலும் அன்று. ஆனால் வெளிநாட்டில் நிலைபெற்ற ஒரு வடிவத்தை உள்ளூர்ப் பொருளில் எப்படிப் பிறப்பிப்பது என்பதற்கு இந்தப் பக்கத்தில் அதைவிட நல்ல பாடம் இல்லை. இன்று அதுவே நகலெடுக்கத் தக்க பழைய கார் ஆகிவிட்டது என்றும் சொல்லலாம்.

எதற்கு உண்மையாக இருப்பது?

நகல் மூன்று வகையில் உண்மையாக இருக்க முடியும்: தோற்றத்தில், அளவில், ஓட்டத்தில். மூன்றும் ஒருசேரக் கைகூடுவது அரிது. எதை விட்டுக்கொடுப்பது என்று முன்னரே எழுதி வைக்காவிட்டால், பட்டறையில் நாளுக்கொரு முடிவு பிறக்கும்.

சக்கரத்தை எடுத்துக்கொள்ளலாம். மாருதி 800இன் சக்கரம் 12 அங்குலம். தொடக்ககால லோட்டஸ் செவனுக்கு 15 அங்குலச் சக்கரம். எவ்வளவு நுணுக்கமாக உடலைக் கட்டினாலும், 12 அங்குலச் சக்கரத்தில் அது திருவிழாக் கடைப் பொம்மை போலத் தெரியும். அம்பாசடர் காரின் சக்கரம் 15 அங்குலம், ஆனால் அதன் போல்ட் துளை வட்டம் மாருதியின் ஹப்புக்குப் பொருந்தாது, இடையில் தட்டு கடைந்து போட வேண்டும், எடையும் கூடும். தோற்றம் முக்கியம் என்றால் இந்த வேலையை ஏற்க வேண்டும். ஓட்டம் முக்கியம் என்றால் சிறிய சக்கரமே இலேசு. இரண்டில் எதுவும் தவறில்லை; இரண்டையும் விரும்பி எதையும் முடிக்காமல் விடுவதே தவறு.

நேர்மையும் இதில் சேரும். லோட்டஸ், கேட்டர்ஹாம் போன்றவை பதிவுபெற்ற வணிகப் பெயர்கள். நகலின் மூக்கில் அந்தப் பட்டையை ஒட்டி விற்கப் போனால் வழக்கு வரும். பழைய எண்ணைப் பொறித்து மூல வண்டி என்று விற்றால் அது மோசடி.

அளவெடுத்தல்

மூல வண்டி பக்கத்தில் இல்லாதபோது புகைப்படமே வரைபடம். நேர் பக்கவாட்டில், தொலைவிலிருந்து எடுத்த படத்தைத் தேர்ந்து, தெரிந்த ஓர் அளவை அதில் பிடிக்க வேண்டும். செவனின் சக்கர இடைத்தூரம் 88 அங்குலம் என்பது தெரியும். படத்தில் அது 176 மி.மீ. என்று வந்தால், படத்தின் ஒரு மி.மீ. வண்டியில் அரை அங்குலம். எஞ்சின் மூடி படத்தில் 70 மி.மீ. என்றால் வண்டியில் 35 அங்குலம். அருகிலிருந்து எடுத்த படத்தில் இக்கணக்கு பொய்க்கும். பக்கத்திலுள்ள பகுதி பெரிதாகவும் தள்ளியுள்ளது சிறிதாகவும் விழும். மூன்று நான்கு படங்களில் ஒரே அளவைக் கணக்கிட்டு ஒத்துவருகிறதா என்று பார்ப்பது நல்லது. பழைய வண்டிகள் எப்படிக் கட்டப்பட்டன என்பதைக் கண்ணால் காண, கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் உள்ள ஜீடி கார் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வரலாம்.

கிடைத்த அளவைச் சிமென்ட் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைய வேண்டும். அதன் மேல் சவுக்குக் குச்சி, பிளைவுட், பி.வி.சி. பைப் எதையாவது கட்டி ஒரு கூடு செய்து, ஓட்டப்போகிறவரை உள்ளே உட்கார வைக்க வேண்டும். ஷூ போட்ட பாதம் மூன்று பெடல்களையும் தனித்தனியே மிதிக்கிறதா, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முட்டி இடிக்கிறதா, ஹெல்மெட் போட்ட தலை எவ்வளவு உயரம் வருகிறது என்பன அங்கேயே தெரிந்துவிடும். பழைய பந்தயக் கார்களின் உள்ளிடம் மிகக் குறுகல். நடுவயதில் கட்டத் தொடங்கும் நம்மூர்க்காரரின் இடுப்பு அதில் நுழையாமல் போவதும் உண்டு. இரண்டு அங்குலம் அகலமாக்கினால் மூலத்திலிருந்து விலகல்தான். ஆனால் உட்கார முடியாத காரைக் கட்டி என்ன பயன்? இதைச் சவுக்குக் குச்சியில் கண்டுபிடித்தால் ஒரு மாலை நேரம் போகும். இரும்பில் கண்டுபிடித்தால் ஆறு மாதம் போகும்.

சட்டமும் எடையும்

தமிழில் அரசு போடுவதும் சட்டம், வண்டியைத் தாங்குவதும் சட்டம். முதலதைப் போலவே இரண்டாவதிலும் ஓட்டை இருந்தால் சுமை அதன் வழியே ஒழுகிவிடும்.

லாரியின் சேசிஸ் இரண்டு நீண்ட தடித்த சட்டங்கள், இடையில் குறுக்குச் சட்டங்கள் என்று ஏணி போல இருக்கும். செவன் வகைக் காரில் மெல்லிய குழாய்களால் ஆன கூண்டே சேசிஸ். அதன் பலம் குழாயின் தடிமனில் இல்லை, முக்கோணத்தில் இருக்கிறது. நான்கு குச்சிகளை ஆணியால் இணைத்துச் சதுரம் செய்து ஒரு மூலையைத் தள்ளினால் அது சாய்சதுரமாகச் சரியும். மூன்று குச்சிகளில் செய்த முக்கோணம் சரியாது. குச்சி ஒடிந்தால்தான் உருமாறும். ஆகவே கூண்டில் முக்கோணமாகாத சதுரம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு மூலைக்குழாய் வர வேண்டும். ஓட்டுநர் உட்காரும் இடத்தில் மேலே மூலைக்குழாய் போட முடியாது. அதனால்தான் அங்கு பக்கங்கள் ஆழமாகவும் தரை ரிவிட் அடித்த தகடாகவும் இருக்கின்றன.

எடைக் கணக்கைச் செய்து பார்த்தால் பட்டறை வழக்கம் எங்கே இழுக்கும் என்பது விளங்கும். ஓர் அங்குலச் சதுரக் குழாய், 1.6 மி.மீ. தடிமனில், மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிலோ. 3 மி.மீ. தடிமனில் ஏறத்தாழ 2.1 கிலோ. கூண்டுக்கு 50 மீட்டர் குழாய் ஆகும் என்று வைத்துக்கொண்டால் முதலாவது 60 கிலோ, இரண்டாவது 105 கிலோ. ‘தாங்கட்டுமே’ என்ற ஒரே சொல்லுக்கு விலை 45 கிலோ. மாருதி 800 கார் சுமார் 650 கிலோ, அதன் எஞ்சின் சுமார் 37 குதிரைத்திறன். அதாவது டன்னுக்கு 57. அதே எஞ்சினை 450 கிலோ நகலில் வைத்தால் டன்னுக்கு 82. எஞ்சினைத் தொடாமலேயே கிடைத்த வேகம் அது. ஒவ்வொரு கூடுதல் தகடும் அதைத் திரும்பப் பறிக்கும். பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் அதே எடை எதிராக நிற்கும்.

குழாய் வாங்கும்போது கவனம் தேவை. தண்ணீருக்குப் பயன்படும் ஜி.ஐ. பைப் வேண்டவே வேண்டாம். துத்தநாகப் பூச்சு வெல்டிங்கில் நச்சுப்புகையாகும், பற்றும் சரியாக அமையாது. சேலத்தில் இரும்பாலை இருக்கிறது என்று எவர்சில்வரை நினைப்பதும் வேண்டாம். சேலம் ஆலையின் பெயர் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டுக்கானது, இந்தக் கூண்டுக்கு அது தேவையில்லை. சாதாரண மென்னெஃகில் செய்த இ.ஆர்.டபிள்யூ. குழாய் போதும். சென்னை ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா போன்ற ஆலைகள் இவற்றைச் செய்கின்றன.

வெல்டிங்கிலும் பழக்கம் மாற வேண்டும். 6 மி.மீ. தகட்டில் ராடு வைத்து இழுக்கும் கை, 1.6 மி.மீ. குழாயில் ஓட்டை போட்டுவிடும். இங்கே சி.ஓ.2 வெல்டிங் அல்லது ஆர்கான் வெல்டிங் தேவை. முதலில் எல்லா மூட்டுகளிலும் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து, மூலைக்கு மூலை அளந்து சரிபார்த்த பிறகே, எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி முழு வெல்டிங் செய்ய வேண்டும். ஒரே பக்கமாகப் போனால் சூட்டில் கூண்டு முறுக்கிக்கொள்ளும். லாரி பாடியில் 5 மி.மீ. கோணலைப் பெயின்ட் மறைத்துவிடும். முன் சக்கரக் கைகள் மாட்டும் துளை 2 மி.மீ. தவறினாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

எஞ்சினும் உறுப்புகளும்

உறுப்பு தரும் பழைய வண்டியை எப்படித் தேர்வது என்பது நகலின் அமைப்பைப் பொறுத்தது. மாருதி 800இல் எஞ்சினும் கியர்பாக்ஸும் குறுக்கே வைத்த ஒரே பொட்டலம், முன்சக்கரத்தை இழுப்பது. அந்தப் பொட்டலத்தை அப்படியே ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தால் ஒற்றை இருக்கைக் காருக்குப் பொருந்தும். முன் எஞ்சின், பின் சக்கர இயக்கம் கொண்ட செவனுக்கு அது உதவாது. அதற்கு ஆம்னி ஏற்றது. அதே 796 சி.சி. எஞ்சின் நீளவாக்கில் நின்று, புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியே பின் அச்சைச் சுழற்றும். பழைமை மணம் வேண்டுமானால் பிரீமியர் பத்மினியின் 1089 சி.சி. எஞ்சினும் நீளவாக்கில்தான். சோழவரத்தில் ஓடிய கார்களின் நினைவும் அதோடு சேர்ந்து வரும். உதிரிபாகம் தேடி அலைவதும் சேர்ந்தே வரும்.

ஸ்பிரிங்கை மட்டும் அப்படியே எடுத்து மாட்டக் கூடாது. ஆம்னியின் பின் பட்டைகள் முழு வண்டி ஆட்களைத் தாங்கச் செய்தவை. இலேசான காரில் அவை கல்லாக நிற்கும், சக்கரம் தரையில் படாமல் துள்ளும். ஸ்டீயரிங் ரேக்கை அச்சுக்குப் பின்னாலிருந்து முன்னால் மாற்றி வைத்தால், இடப்பக்கம் திருப்ப வண்டி வலப்பக்கம் போகும். பின் எஞ்சின் வண்டியில் கியர்பாக்ஸ் பொட்டலத்தை முன்பின்னாகத் திருப்பி வைத்தால் ஒரு கியர் முன்னுக்கும் நான்கு கியர் பின்னுக்கும் கிடைக்கும். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், வரைபடத்தில் கவனிக்காவிட்டால் கட்டி முடித்த பிறகுதான் தெரியவரும்.

வெப்பம் இன்னொன்று. கூப்பரும் செவனும் இங்கிலாந்தின் குளிருக்குப் பிறந்தவை. சித்திரை வெயிலில் அந்தச் சிறிய மூக்குத் துவாரம் போதாது. ரேடியேட்டருக்குக் காற்று உள்ளே வருவது பாதி வேலை, சூடான காற்று வெளியே போக வழி விடுவது மீதி. ரேடியேட்டர் முன்னாலும் எஞ்சின் பின்னாலும் இருந்தால் நீண்ட குழாய்களில் காற்று தங்கும். அதை வெளியேற்ற மேட்டில் ஒரு திருகு வைக்க வேண்டும்.

உறுப்புக்காக வாங்கிய பழைய வண்டியின் பதிவை மறந்துவிடக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி, வண்டி இனி ஓடாது என்றால் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துப் பதிவை நீக்க வேண்டும். செய்யாவிட்டால் வரியும் வழக்கும் இல்லாத வண்டியைத் தேடி வரும்.

மூலத்தை மீற வேண்டிய இடம்

தோற்றத்துக்கு எவ்வளவு உண்மையாக இருந்தாலும், ஓரிடத்தில் மட்டும் மூலத்துக்கு உண்மையாக இருக்கக் கூடாது. 1940, 50களின் பந்தயக் கார்களில் தலைக்குப் பின்னால் பாதுகாப்பு வளைவு இல்லை, சீட் பெல்ட்டும் இல்லை. கவிழும் காரிலிருந்து தூக்கி எறியப்படுவதே மேல் என்று அன்று பலர் நம்பினர். ஃபார்முலா ஒன்னில் வளைவு கட்டாயமானது 1961இல்தான். அதற்குள் போன உயிர்கள் பல.

கூண்டுக்கு வாங்கிய மெல்லிய குழாயில் இந்த வளைவைச் செய்யக் கூடாது. பாதுகாப்புக் கூண்டின் முதன்மை வளைவுக்கு எஃப்.ஐ.ஏ. விதிகள் கேட்பது, 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிமனும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் கொண்ட தையலற்ற கார்பன் எஃகுக் குழாய். அதைச் சூடேற்றாமல், பைப் வளைக்கும் இயந்திரத்தில் சுருக்கம் விழாமல் வளைக்க வேண்டும். ஹெல்மெட் போட்ட தலைக்கு மேலே அது நிற்க வேண்டும். பின்பக்கம் சாய்வுத் தாங்கிகள் கூண்டின் முடிச்சுகளில் இறங்க வேண்டும். நடுத்தகட்டில் இறக்கினால் கவிழும்போது தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடும். இதோடு, தோளில் வரும் பல முனைப் பெல்ட், எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் இடையே தீத்தடுப்புத் தகடு, இரண்டு தனித்தனி வழிகளில் ஓடும் பிரேக் குழாய், வெளியிலிருந்தும் இழுக்கக்கூடிய மின் துண்டிப்புச் சுவிட்ச், கைக்கெட்டும் தீயணைப்பான் ஆகியவையும் வேண்டும். எரிபொருள் டேங்க்கை ஓட்டுநரின் கால்மேல் வைத்த பழைய பாணியைப் பின்பற்ற வேண்டாம்.

இவற்றில் குறை இருந்தால் தளத்தின் ஆய்வாளர்கள் வண்டியை உள்ளே விடமாட்டார்கள். போட்டியில் கலந்துகொள்ள எண்ணினால், இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் விதிநூலைக் கட்டத் தொடங்கும் முன்பே படித்துவிட வேண்டும். பொறியியல் கல்லூரி மாணவர்கள் சொந்தமாகக் கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களோடு கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கூடுகிறார்கள். அங்கே போய், மாணவர் வண்டிகளில் ஆய்வாளர்கள் எதைத் தட்டிப் பார்க்கிறார்கள் என்று ஒருநாள் நின்று கவனித்தால் புத்தகத்தில் இல்லாதது கிடைக்கும்.

செலவும் காலமும்

திட்டத்தைக் கவிழ்ப்பது பெரும்பாலும் எஞ்சின் விலை அன்று. கூண்டு நின்று, எஞ்சின் உட்கார்ந்து, நான்கு சக்கரமும் மாட்டியதும் வண்டி முக்கால்வாசி முடிந்ததுபோலத் தோன்றும். உண்மையில் அப்போதுதான் பாதி. வயரிங், பிரேக் குழாய், ஆக்சிலரேட்டர் கேபிள், ரேடியேட்டர் ஹோஸ், பெடல் அமைப்பு, சைலன்சர் என்று கண்ணுக்குத் தெரியாத வேலைகள் வரிசையாக நிற்கும். அந்த நேரத்தில் கையிருப்பும் வீட்டாரின் பொறுமையும் தீர்ந்திருக்கும். ஆகவே பெல்ட், டயர், ஹெல்மெட், தளக் கட்டணம், வண்டி ஏற்றிச் செல்லும் வாடகை ஆகியவற்றை முதல் நாளே பட்டியலில் எழுதி, அதற்கான பணத்தைத் தனியே வைப்பது நல்லது. முகப்பையும் மட்கார்டையும் ஃபைபரில் செய்ய, கரூர்ப் பக்கம் பேருந்து பாடிகளுக்கு ஃபைபர் முகப்பு செய்வோரை அணுகலாம். அச்சு செய்யும் செலவுதான் பெரிது, பொருளின் செலவு சிறிது.

பெயின்ட் கடைசியில். முதல் ஓட்டம் பெயின்ட் அடிக்காமலே நடக்க வேண்டும். ஏனெனில் எங்காவது வெல்டிங் விரிசல் விட்டால் வெறும் இரும்பில் அது தெரியும், பளபளக்கும் சிவப்பின் அடியில் தெரியாது. தளத்தில் முதல் நாள் வேகம் பார்க்கும் நாள் அன்று. இரண்டு சுற்று மெதுவாக ஓட்டி நிறுத்தி, சக்கர நட்டு, ஸ்டீயரிங் மூட்டு, முன்பின் கைகளின் போல்ட் அனைத்தையும் ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டும். சரிபார்த்த ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், அடுத்த சுற்றில் அது திரும்பியிருக்கிறதா என்பது கோடு விலகியதிலிருந்தே தெரிந்துவிடும். பிறகு ஐந்து சுற்று, மீண்டும் அதே சோதனை. பிரேக் குழாயில் கசிவு, டயர் பாடியில் உரசிய தடம், ரேடியேட்டர் நீரின் அளவு ஆகியவற்றை ஒரு நோட்டில் சுற்று எண்ணோடு குறித்துக்கொண்டு, அன்று மாலையே வண்டியை லாரியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்து கூண்டின் ஒவ்வொரு மூட்டையும் விளக்கு வைத்துப் பார்ப்பார்கள். பெயின்டர் வருவது அதற்குப் பிறகு.